காவற்கருவிக்கும் சான்றிதழ் வேண்டும்

முன்னுரை

ஒரு பள்ளியை விட்டு மற்றொரு பள்ளியில் சேரும் மாணவி வெறுங்கையோடு செல்வதில்லை. மாற்றுச் சான்றிதழைக் கொண்டு செல்கிறாள். அதில் அவள் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், படித்த வகுப்பு ஆகியவை உள்ளன. அடியில் தலைமையாசிரியையின் கையொப்பமும் பள்ளியின் முத்திரையும் உள்ளன. புதிய பள்ளியார் அம்மாணவியை முன்பின் கண்டதில்லை. ஆயினும் அந்தக் கையொப்பத்தை நம்பி அவளைச் சேர்த்துக் கொள்கின்றனர். அறிமுகமில்லாத இருவரிடையே நம்பிக்கையை உண்டாக்குவதே சான்றிதழின் பணி.

மனிதருக்குச் சான்றிதழ் இருப்பதை நாம் அறிவோம். இயந்திரத்துக்கும் சான்றிதழ் உண்டு என்றால் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். வங்கி, மருத்துவமனை, கல்லூரி ஆகியவற்றின் கணிப்பொறிகளை வெளியுலகத்தோடு இணைக்கும் இடத்தில் ஒரு காவற்கருவி இருக்கிறது. அதற்குச் சான்றிதழ் வேண்டும். அதை முறையாக நிறுவ வேண்டும். காலம் முடியுமுன் புதுப்பிக்க வேண்டும். ஒரு நிறுவனம் இதைச் செய்யத் தவறியபோது, பதினான்கு கோடிக்கும் மேற்பட்ட மக்களின் சொந்த விவரங்கள் திருடு போவதை அதன் காவற்கருவியால் காண முடியவில்லை. அந்த நிகழ்ச்சியையும், சான்றிதழ் இயங்கும் முறையையும், அதை நிறுவும் வழியையும் இக்கட்டுரையில் காண்போம்.

காவற்கருவி என்பது யாது?

இணையத்தில் செய்திகள் சிறுசிறு பொட்டலங்களாகப் பயணம் செய்கின்றன. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அனுப்புநர் முகவரியும் பெறுநர் முகவரியும் உண்டு. நிறுவனத்தின் வாயிலில் நின்று, உள்ளே வரும் பொட்டலங்களையும் வெளியே செல்லும் பொட்டலங்களையும் சோதித்து, தகாதவற்றைத் தடுக்கும் கருவியை ஃபயர்வால் என்கிறோம். நம் பள்ளி வாயிலில் நிற்கும் காவலரைப் போன்றது அது.

இக்காவலருக்கு இன்று ஒரு சங்கடம் உண்டு. செய்திகளில் பெரும்பாலானவை மறைமொழியில், அதாவது உறையிட்டு ஒட்டப்பட்ட கடிதங்களாக, வருகின்றன. உறைமேல் உள்ள முகவரியைப் படிக்கலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. ஆகவே இக்கருவிக்குச் சான்றிதழ் மூன்று வகையில் தேவைப்படுகிறது.

முதலாவது, கருவி தன்னை அடையாளம் காட்ட. வீட்டிலிருந்து அலுவலகக் கணிப்பொறியோடு வி.பி.என். என்னும் பாதுகாப்பான வழியில் தொடர்பு கொள்ளும் ஊழியர், தாம் பேசுவது தம் அலுவலகக் கருவியோடுதான், நடுவில் புகுந்த மோசக்காரரோடு அன்று, என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இரண்டாவது, வருபவரை அடையாளம் காண. கடவுச்சொல் மட்டும் கேட்காமல், ஊழியரின் கணிப்பொறியிடமும் சான்றிதழ் கேட்கும்படி கருவியை அமைக்கலாம். மூன்றாவது, உறையைத் திறந்து சோதிக்க. சில விடுதிகளில் மாணவியருக்கு வரும் கடிதங்களை வார்டன் பிரித்துப் பார்த்துவிட்டுக் கொடுக்கும் வழக்கம் இருந்ததைப் பெரியோர் கூறக் கேட்டிருக்கிறோம். ஃபயர்வாலும் அவ்வாறு மறைமொழியைத் திறந்து, சோதித்து, மீண்டும் மூடி அனுப்புகிறது. இதற்கு உரிய சான்றிதழும் சாவியும் அதனிடம் இருந்தாக வேண்டும். பிறர் கடிதத்தைத் திறப்பது பெரிய அதிகாரம். ஆகையால் சோதனை நடப்பதை ஊழியருக்கு முன்னரே அறிவிப்பதும், அவர்களுடைய வங்கி, மருத்துவத் தொடர்புகளைத் திறவாமல் விடுவதும் நல்ல நிர்வாகத்தின் இலக்கணம்.

இரு சாவிகளின் கதை

பழங்காலந்தொட்டு மறைமொழிக்கு ஒரே சாவிதான். பூட்டவும் அதுவே, திறக்கவும் அதுவே. அச்சாவியை எதிரி காணாமல் நண்பருக்கு எப்படிச் சேர்ப்பது என்பதே பெரிய தொல்லையாக இருந்தது. 1976-ஆம் ஆண்டு அமெரிக்காவில் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்னும் இரு அறிஞர்கள் இதற்கு ஒரு புது வழியை வெளியிட்டனர். ஒவ்வொருவருக்கும் இரண்டு சாவிகள் இருக்கட்டும். ஒன்றை ஊரறியக் கொடுத்துவிடலாம், மற்றொன்றைத் தம்மிடமே இரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றனர். மறு ஆண்டே ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன் ஆகிய மூவர் இதைச் செய்து காட்டும் கணக்கைக் கண்டுபிடித்தனர். அவர்கள் பெயர்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்து அம்முறையை ஆர்.எஸ்.ஏ. என்கிறோம்.

இக்கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். 3, 11 என்னும் இரு பகா எண்களை எடுத்துக்கொள்வோம். பெருக்கினால் 33. இரண்டிலும் ஒவ்வொன்று குறைத்துப் பெருக்கினால் 2 × 10 = 20. இப்போது, பெருக்கி 20-ஆல் வகுத்தால் மீதி 1 வரும்படி இரண்டு எண்களைத் தேட வேண்டும். 3, 7 பொருந்தும்; ஏனெனில் 3 × 7 = 21. இவற்றுள் 3-ஐப் பொதுச்சாவி எனவும், 7-ஐ இரகசியச்சாவி எனவும் கொள்வோம். 33 யாவரும் அறிந்த எண்.

நம் செய்தி 4 என்று இருக்கட்டும். அதில் கையொப்பமிட, 4-ஐ ஏழுமுறை பெருக்க வேண்டும். 16384 வரும். அதை 33-ஆல் வகுத்தால் மீதி 16. இதுவே நம் கையொப்பம். செய்தியைப் பெற்றவர் 16-ஐ மூன்றுமுறை பெருக்குகிறார். 4096 வரும். 33-ஆல் வகுத்தால் மீதி 4. செய்தியும் 4, விடையும் 4. ஆகவே கையொப்பம் உண்மை. வழியில் யாரேனும் செய்தியை 5 என்று திருத்தியிருந்தால், விடை 4 என்றே வந்து திருத்தியவரைக் காட்டிக்கொடுத்துவிடும். 7-ஐ அறிந்தவர் மட்டுமே கையொப்பமிட முடியும். 3-ஐ அறிந்த எவரும் சரிபார்க்கலாம். இதுதான் இம்முறையின் அழகு.

33-ஐக் கண்டதும் அது 3 × 11 என்று சொல்லிவிடுவோம். இரகசியமும் வெளியாகிவிடும். ஆகையால் நடைமுறையில் 617 இலக்கங்கள் கொண்ட எண்ணைப் பயன்படுத்துகின்றனர். இதையே 2048 பிட் சாவி என்பர். அவ்வளவு பெரிய எண்ணைப் பகா எண்களாகப் பிரிக்க இன்றைய கணிப்பொறிகளால் இயலவில்லை. 250 இலக்க எண் ஒன்றைப் பிரித்ததே 2020-ஆம் ஆண்டில்தான்.

இனி ஒரு கேள்வி. பொதுச்சாவியை ஊரறியக் கொடுக்கலாம் என்றோம். 'இது வங்கியின் சாவி' என்று ஒருவர் நீட்டும் சாவி, உண்மையில் வங்கியின் சாவிதானா? இதற்கு விடையாக, லோரன் கோன்ஃபெல்டர் என்னும் மாணவர் 1978-ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் தம் பட்ட ஆய்வேட்டில் சான்றிதழ் என்னும் கருத்தை முன்வைத்தார். பெயரையும் பொதுச்சாவியையும் ஒரே ஏட்டில் எழுதி, நம்பத்தக்க ஒருவர் அதில் கையொப்பமிட்டுத் தருவதே சான்றிதழ். பட்டப்படிப்பு மாணவர் ஒருவரின் எண்ணம் இன்று உலகெங்கும் பயன்படுவது நமக்கு ஊக்கம் தரும் செய்தியன்றோ! 1988-இல் சான்றிதழின் வடிவம் எக்ஸ்.509 என்னும் பெயரில் பன்னாட்டுத் தரமாயிற்று.

சான்றிதழில் உள்ளவை

ஒரு சான்றிதழில் வரிசை எண், உரியவர் பெயர், அவருடைய பொதுச்சாவி, வழங்கியவர் பெயர், எந்நாள் முதல் எந்நாள் வரை செல்லும் என்னும் விவரம், எப்பணிக்குச் செல்லும் என்னும் குறிப்பு, இறுதியில் வழங்கியவரின் கையொப்பம் ஆகியவை இருக்கும். இரகசியச்சாவி அதில் இராது. எனவே சான்றிதழை எவருக்கும் காட்டலாம்; இரகசியச்சாவியை எவருக்கும் காட்டலாகாது.

நிறுவும் முறை

பெட்டியிலிருந்து எடுத்த புதிய ஃபயர்வாலில் பெரும்பாலும் ஒரு சான்றிதழ் இருக்கும். அது தனக்குத் தானே கையொப்பமிட்டுக் கொண்டது. நன்னடத்தைச் சான்றிதழைத் தானே எழுதி எடுத்து வரும் மாணவியை எந்தப் பள்ளி ஏற்கும்? ஆகவே முறையான சான்றிதழைப் பெற்று நிறுவ வேண்டும். அதன் படிகள் பின்வருமாறு:

1. கடிகாரம். முதலில் கருவியின் நாளையும் நேரத்தையும் சரிசெய்ய வேண்டும். கடிகாரம் பழைய ஆண்டைக் காட்டினால், நேற்று வாங்கிய சான்றிதழையும் 'இன்னும் காலம் தொடங்கவில்லை' என்று கருவி தள்ளிவிடும். இணையத்திலுள்ள நேரக் கணிப்பொறியோடு இணைத்துவிட்டால் கடிகாரம் தானே சரியாக ஓடும்.

2. சாவிகள். இரு சாவிகளையும் கருவிக்குள்ளேயே உருவாக்க வேண்டும். வேறிடத்தில் உருவாக்கி மின்னஞ்சலில் அனுப்புவது, வீட்டுச் சாவியைத் தபால் அட்டையில் கட்டி அனுப்புவதற்கு ஒப்பாகும்.

3. விண்ணப்பம். கருவி தன் பெயரையும் பொதுச்சாவியையும் சேர்த்து ஒரு கோரிக்கையை எழுதி, தன் இரகசியச்சாவியால் அதில் கையொப்பமிடும். அச்சாவி தன்னிடம் உள்ளது என்பதற்கு அதுவே அத்தாட்சி. ஊழியர்கள் எந்தப் பெயரால் கருவியை அழைப்பார்களோ அந்தப் பெயர் எழுத்துப் பிசகாமல் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும். பல பெயர்கள் இருப்பின் அத்தனையும் வேண்டும்.

4. ஒப்புதல். விண்ணப்பத்தைச் சான்றளிக்கும் நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். அந்நிறுவனம் விண்ணப்பித்தவருக்கு அப்பெயர் உரியதுதானா என்று சோதிக்கும். 'நாங்கள் தரும் இந்தக் குறிப்பை உங்கள் இணையதளத்தில் வைத்துக் காட்டுங்கள்' என்று கேட்பது வழக்கமான சோதனைகளுள் ஒன்று. தேறினால் கையொப்பமிட்டுச் சான்றிதழ் தரும்.

5. சங்கிலி. தலைமையான சான்றளிப்பவரின் மூலச்சான்றிதழ் ஒன்று உண்டு. அவர் நேரே எல்லோருக்கும் கையொப்பமிடுவதில்லை. தமக்குக் கீழ் இடைநிலையார் ஒருவரை நியமித்து அவர் வழியாகவே வழங்குகிறார். ஆகையால் நம் சான்றிதழோடு இடைநிலையாரின் சான்றிதழையும் கருவியில் ஏற்ற வேண்டும். இதை விட்டுவிடுவது அடிக்கடி நேரும் பிழை. சில பிரவுசர்கள் விடுபட்டதைத் தாமே தேடிக்கொள்வதால் குறை உடனே புலப்படாது. வேறொருவர் தொடர்பு கொள்ளும்போதுதான் சங்கிலி அறுந்திருப்பது தெரியும். கருவியிலும் யாரை நம்புவது என்று பதிவு செய்ய வேண்டும். சிஸ்கோ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஏ. வகை ஃபயர்வாலில் இப்பதிவுக்கு 'டிரஸ்ட்பாயிண்ட்', அதாவது நம்பிக்கை முனை, என்றே பெயர்.

6. பொருத்துதல். சான்றிதழைக் கருவியில் ஏற்றினால் மட்டும் போதாது. எந்த வாயிலில், எந்தப் பணிக்கு அதைக் காட்ட வேண்டும் என்றும் கட்டளையிட வேண்டும். இல்லையேல் புதிய சான்றிதழ் பெட்டியில் உறங்க, கருவி பழையதையே காட்டிக்கொண்டிருக்கும்.

7. சோதனையும் குறிப்பேடும். வெளியிலிருந்து தொடர்பு கொண்டு சரிபார்க்க வேண்டும். களவுபோன சாவிகளுக்கு உரிய சான்றிதழ்களைச் சான்றளிப்போர் ரத்து செய்து பட்டியல் வெளியிடுவர். அப்பட்டியலைக் கருவியால் பார்க்க முடிகிறதா என்றும் காண வேண்டும். பின்னர், எந்தக் கருவியில் எந்தச் சான்றிதழ், என்று முடிகிறது, புதுப்பிக்க வேண்டியவர் யார் என்று ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். இந்தக் கடைசி வேலைக்குக் கணக்கறிவு தேவையில்லை. ஆனால் இதைத் தவறவிட்டதால் வந்த கேடு எத்தகையது என்பதை அடுத்துக் காண்போம்.

கண்மூடிய காவலர்

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் எக்விஃபாக்ஸ் என்னும் நிறுவனம் உள்ளது. கடன் வாங்குவோரின் நாணயத்தைப் பற்றி வங்கிகளுக்குத் தகவல் தருவது அதன் தொழில். கோடிக்கணக்கான மக்களின் பெயர், பிறந்த தேதி, முகவரி, அரசு தந்த சமூகப் பாதுகாப்பு எண் ஆகியவை அதன் கணிப்பொறிகளில் இருந்தன.

2017 மார்ச் மாதம், அந்நிறுவனம் பயன்படுத்திய அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்னும் மென்பொருளில் ஓர் ஓட்டை இருப்பது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதை அடைக்கும் திருத்தமும் வெளிவந்தது. நிறுவனத்தில் ஒரு பகுதியில் அந்த ஓட்டை அடைபடாமலே இருந்துவிட்டது. மே 13 அன்று அதன் வழியே திருடர் நுழைந்தனர். ஜூலை இறுதி வரை விவரங்களை அள்ளிச் சென்றனர்.

காவற்கருவி இல்லையா? இருந்தது. மறைமொழியைத் திறந்து சோதிக்கும் கருவி அங்கே ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதற்குரிய சான்றிதழ் காலாவதியாகி இருந்தது. அதனால் உறைகளைத் திறக்க இயலாமல், வந்தவற்றையும் போனவற்றையும் அப்படியே அது விட்டுக்கொண்டிருந்தது. இந்நிலை 19 மாதங்கள் நீடித்தது என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழு 2018 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. முந்நூறுக்கு மேற்பட்ட சான்றிதழ்கள் அந்நிறுவனத்தில் காலாவதியாக விடப்பட்டிருந்தன என்றும் அதே அறிக்கை சொல்கிறது.

2017 ஜூலை 29 அன்று அச்சான்றிதழைப் புதுப்பித்தனர். புதுப்பித்த உடனேயே சந்தேகத்துக்குரிய போக்குவரத்து கருவியின் கண்ணில் பட்டது! மறுநாள் அந்தத் தளத்தையே நிறுத்தினர். அதற்குள் சுமார் 14 கோடியே 70 இலட்சம் பேரின் விவரங்கள் போய்விட்டன. தலைமை அதிகாரி பதவி விலகினார். 2019-இல் இழப்பீடும் அபராதமுமாக 70 கோடி டாலர் வரை தர நிறுவனம் உடன்பட்டது. பணத்தைத் தந்துவிடலாம், ஒருவருடைய பிறந்த தேதியையும் வாழ்நாள் முழுவதும் அவரைத் தொடரும் எண்ணையும் திருடரிடமிருந்து திரும்பப் பெற முடியுமா?

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. ஓட்டை வழியே திருடர் புகுந்ததற்குச் சான்றிதழ் காரணமன்று. புகுந்தவரைக் காணாமல் போனதற்கு அதுவே காரணம். நின்றுபோன கருவி சத்தம் போட்டு ஆட்களை அழைக்கும். ஓடிக்கொண்டே பார்க்காமலிருக்கும் கருவி எவரையும் அழைப்பதில்லை. ஆகவே 'கருவி ஓடுகிறதா?' என்று கேட்பதோடு நில்லாமல், 'கருவி பார்க்கிறதா?' என்றும் கேட்க வேண்டும்.

கையொப்பமிடுபவர் தவறினால்?

வேலியே பயிரை மேய்ந்தாற்போல, சான்றளிக்கும் இடமே கெட்டுப்போனதும் உண்டு. நெதர்லாந்தில் டிஜிநோட்டார் என்னும் சான்றளிக்கும் நிறுவனத்தின் கணிப்பொறிகளுக்குள் 2011-ஆம் ஆண்டு ஒருவர் புகுந்து, ஐந்நூறுக்கு மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை உருவாக்கினார். கூகுளின் பெயரிலும் ஒன்று இருந்தது. அதைக் கொண்டு ஈரான் நாட்டு மக்கள் பலரது தொடர்புகள் நடுவிலிருந்து ஒட்டுக் கேட்கப்பட்டன. செய்தி வெளியானதும் பிரவுசர் தயாரிப்போர் அந்நிறுவனத்தைத் தம் நம்பிக்கைப் பட்டியலிலிருந்து நீக்கினர். அதே ஆண்டு செப்டம்பரில் அது திவாலாயிற்று. நம்பிக்கையையே விற்பனை செய்யும் நிறுவனம் அதை இழந்தபின் விற்க வேறு என்ன இருக்கும்?

இதனால்தான் சான்றளிப்போர்மீது கண்காணிப்பு வேண்டும் என்கின்றனர். நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் டிஜிட்டல் கையொப்பத்துக்குச் சட்ட மதிப்பை அளித்தது. அத்தகைய கையொப்பங்களுக்குச் சான்றளிக்கும் நிறுவனங்களுக்கு உரிமம் தந்து மேற்பார்வையிடக் கட்டுப்பாட்டாளர் பதவி ஒன்றையும் ஏற்படுத்தியது.

குறுகி வரும் ஆயுள்

சாவி களவு போனாலும் சான்றிதழ் விரைவில் காலாவதியானால் திருடனுக்குப் பயன் குறைவு. ஆகவே இணையதளங்களுக்குரிய பொதுச் சான்றிதழ்களின் ஆயுளைப் படிப்படியாகக் குறைத்து வருகின்றனர். 2020 செப்டம்பர் முதல் 398 நாள் என்பது உச்ச வரம்பாயிற்று. 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் எனச் சான்றளிப்போரும் பிரவுசர் தயாரிப்போரும் சேர்ந்த மன்றம் 2025-இல் முடிவு செய்தது. 47 நாளுக்கு ஒருமுறை கையால் புதுப்பிப்பது கடினம். எனவே கருவி தானே விண்ணப்பித்துத் தானே பெற்றுக்கொள்ளும் முறை பரவி வருகிறது. அம்முறையிலும், இயந்திரம் தன் வேலையைச் செய்ததா என்று பார்க்க ஒரு மனிதர் வேண்டும். பதிவேடு ஓய்வு பெறவில்லை.

நாம் செய்யக்கூடியவை

ஃபயர்வாலை அமைக்கும் பொறுப்பு இன்று நம் கையில் இல்லை. ஆயினும் இரண்டு காரியங்களை நாம் செய்யலாம். பிரவுசரில் 'இத்தளத்தின் சான்றிதழ் சரியில்லை' என்னும் எச்சரிக்கை வந்தால், அவசரத்தில் 'பரவாயில்லை, தொடர்க' என்று அழுத்தாமல் நின்று விசாரிக்க வேண்டும். தளத்தின் பெயரைத் தவறாக அடித்தோமா, நம் கைப்பேசியின் தேதி தவறா, அல்லது உண்மையிலேயே நடுவில் எவரேனும் நிற்கின்றாரா என்று பார்க்க வேண்டும். பணம் கட்டும் தளமாயின் அப்போதே விலகிவிடுவது நலம். எச்சரிக்கை இல்லாத தளமெல்லாம் நேர்மையான தளம் என்றும் எண்ணிவிடக் கூடாது. சான்றிதழ் பெயரை மெய்ப்பிக்குமே தவிர, பெயருக்கு உரியவரின் குணத்தை மெய்ப்பிக்காது.

மற்றொன்று, பெற்றோரும் நாமும் சேர்ந்து செய்யத்தக்கது. ஒரு நாள் மாலை வீட்டுக் கணிப்பொறியில் வங்கியின் தளத்தைத் திறந்து, முகவரிக்கு அருகிலுள்ள குறியை அழுத்திச் சான்றிதழைக் காண்போம். யார் பெயருக்கு, யார் வழங்கியது, என்று முடிகிறது என்னும் மூன்றையும் குறித்துக்கொள்வோம். ஒருமுறை கண்ணால் கண்டது எளிதில் மறவாது.

முடிவுரை

பகா எண்களின் கணக்கை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அறிஞர்கள் உடைக்க முயன்று வருகின்றனர். முறையாகப் பயன்படுத்தினால் அது இன்னும் உறுதியாக நிற்கிறது. எக்விஃபாக்ஸில் தோற்றது கணக்கன்று. நாட்காட்டியைப் பார்த்து, 'இது இம்மாதம் முடிகிறது' என்று சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை. நம்முள் சிலர் நாளை மருத்துவமனையிலோ வங்கியிலோ இத்தகைய கருவிகளுக்குப் பொறுப்பேற்கக் கூடும். அப்போது அப்பதிவேட்டில் நம் கையால் தேதியை எழுதுவோம். அத்தேதிக்கு முன்னரே அதைத் திறந்தும் பார்ப்போம். அதன் ஒவ்வொரு வரிக்கும் பின்னால், நம்மை நம்பித் தம் விவரங்களைத் தந்த முகமறியாத மக்கள் இருக்கிறார்கள்.